கதிரைப் பற்றிய ஏழாவது கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வெயில், பத்து மணிக்கு மழை. தோய்த்துக் காயப்போட்ட உடுப்பெல்லாம் மறுபடி நனைந்தது.

கதிருக்கான நற்சான்றுப் படிவம் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. மஜிஸ்திரேட்டாக விண்ணப்பித்திருக்கிறார்; நற்சான்று கொடுக்க என் பெயர். இந்த நாட்டில் அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லையாம், சம்பளமும் இல்லை. சாதாரண ஆட்கள் மூன்று பேர் இருந்து சின்ன வழக்குகளைத் தீர்ப்பது. எனக்கு இது புதினம்.

முதல் ஆறு கேள்விகளும் சுகம். எத்தனை வருடப் பழக்கம், நேர்மையா, பொறுமையா. மிச்சம் என்ற ஊரில் அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்தை அவர் நடத்தியபோது நான் அங்கே எழுத்து வேலை. எத்தனை குடும்பத்துக்கு வீடும் விசாவும் எடுத்துக் கொடுத்தவர். பக்கம் பக்கமாக எழுதலாம்.

ஏழாவது: இவருடைய கடந்த காலத்தில் நாங்கள் அறிய வேண்டியது ஏதும் உண்டா?

கணினியை மூடிவிட்டுக் கத்தரிக்காய் வெட்டினேன்.

மார்ச் 5, புதன்

வேலை. நான் இருக்கிற ஜிபி டாக்டர் நிலைய வரவேற்பு மேசையில் இன்று எல்லோருக்கும் இருமல்.

ஜெயந்தி. ஆலோசனை நிலைய வரவேற்பில் இருந்த பிள்ளை, அப்போது இருபத்திரண்டு வயது. ஏதோ ஒரு கோப்பில் திகதியைப் பிழையாகப் போட்டுவிட்டாள். கதிர் கோப்பு அறைக்குள் வைத்து அரை மணித்தியாலம் கத்தினார். கையைப் பிடித்தார், வெளியே போக விடவில்லை என்று அவள் புகார் எழுதினாள். கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது எனக்கு. உள்ளே நடந்ததைக் காணவில்லை.

நிர்வாகக் குழு மூன்று பேர், மூவரும் கதிரின் சினேகிதர். கூட்டக் குறிப்பு எழுதியது நான். ஜெ. அந்தக் கிழமையோடு வேலைக்கு வரவில்லை. "புகார் திரும்பப் பெறப்பட்டது எண்டு போடுங்கோ" என்றார் தலைவர். போட்டேன்.

இது நடந்து பதினெட்டு வருடம். என் கணவரிடம் சொன்னேன். ஒரு மனுசனைச் சாகும்வரைக்கும் ஒரு அரை மணித்தியாலத்தை வைத்தா அளப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் என்ன நடந்தது? அதை அறியாமல் எதை மன்னிப்பது, எதை மன்னிக்காமல் விடுவது?

மார்ச் 7, வெள்ளி

லீவு எடுத்து மஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனேன். யாரும் போய்ப் பின்னால் இருந்து பார்க்கலாம். வாசலில் பையைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலில் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொன்னார்கள்.

ஒரு வான் சாரதி. போனில் பேசிக்கொண்டு ஓட்டிய வழக்கு. பேச்சுத் திக்கியது. மூன்று மஜிஸ்திரேட்டுகளில் நடுவில் இருந்த பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த நாற்காலியில் மனதுக்குள் கதிரை இருத்திப் பார்த்தேன். ஒரு நேரம் பொருந்தினார். ஒரு நேரம் பொருந்தவில்லை.

திரும்பும்போது டிராமில் ஒரு பிள்ளை தாயிடம்: "அம்மா, ஜட்ஜ் பிழை விட்டா ஆர் ஏசுறது?" நான் கோர்ட்டில் இருந்து வாறது அதற்குத் தெரியுமோ என்றிருந்தது.

வாங்க: பால், வெந்தயம், பல்ப்.

மார்ச் 8, சனி

ஜெ.யின் நம்பர் அவள் தங்கச்சியிடம் கிடைத்தது. அவள் இருப்பது வால்தம்ஸ்டோவில். ரெயில்வே ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் சந்தித்தோம். இப்போது மருந்தாளர், கண்ணாடி, தலையில் கொஞ்சம் நரை. என்னைக் கண்டதும் சிரித்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

கதிரின் விண்ணப்பத்தைச் சொல்லி, அன்று அறைக்குள் நடந்ததைக் கேட்டேன். யோசித்துச் சொன்னாள்.

"ஓம் அக்கா, கையைப் பிடிச்சவர். கதவை மறிச்சுக்கொண்டு நிண்டவர். அடிக்கேல்லை. அடிச்சவர் எண்டு நான் ஒருநாளும் சொல்லவும் இல்லை."

பிறகு ஏன் புகாரைத் திரும்ப எடுத்தாய் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் எப்ப அக்கா திரும்ப எடுத்தனான்?"

குறிப்பில் எழுதியதைச் சொன்னேன். யார் எழுதியது என்பதையும். தெருவில் போன பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இப்ப நல்லவரா இருக்கலாம், எனக்குத் தெரியாது. அவருக்கு அந்த வேலை வரட்டும், வராமப் போகட்டும். நான் திரும்ப எடுக்கேல்லை. அதை எழுதுங்கோ."

மார்ச் 9, ஞாயிறு

குளிர் காற்று. கதிர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். ஜெ.யைக் கண்டதைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. தனக்கு அப்போது எதற்கெடுத்தாலும் கோபம் என்றார். என் படிவத்தின் ஏழாவது கேள்வி அவருடைய விண்ணப்பப் படிவத்திலும் இருந்ததாம். இல்லை என்று போட்டாராம்.

ஏன் என்று கேட்டேன்.

"புகார் திரும்பப் பெறப்பட்டது எண்டுதானே குறிப்பிலை கிடக்கு. எழுதினது நீங்கள்தானே அக்கா."

"ஓம். நான்தான்."

எழும்பும்போது சொன்னேன், என் பதில் புதன்கிழமை போகும், அதற்கு முதல் அவர் தன்னுடையதைத் திருத்தலாம் என்று.

மார்ச் 12, புதன்

அனுப்பியாயிற்று. ஒன்று முதல் ஆறு வரை: நல்லவற்றை ஒன்றும் குறைக்காமல். ஏழு: கேட்ட சத்தம், காணாதது, ஜெ. அனுமதித்த அளவுக்கு அவள் சொன்னது, பொய்க் குறிப்பு என் கையால் எழுதப்பட்டது. மஜிஸ்திரேட்டாக வரலாமா கூடாதா என்று எழுதவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியாது.

தலையிடி. பனடோல் இரண்டு.

மே 6, செவ்வாய்

கதிர் வந்தார். மஜிஸ்திரேட்டாக எடுபடவில்லையாம். நான் அனுப்ப முதலே தன் படிவத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். நேர்முகத்தில் அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டார்களாம். முதலில் ஏன் இல்லை என்று போட்டீர்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். திரும்பவும் விண்ணப்பிக்க ஏலுமாம்.

என்னில் கோபமோ என்று கேட்டேன். இருந்தது என்றார். கடைசியாக ஒருவர், அந்தப் பிள்ளையிடம் பிறகு எப்போதாவது பேசினீர்களா என்று கேட்டிருக்கிறார். அந்த எண்ணமே தனக்கு ஒருநாளும் வந்ததில்லையே என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். பிறகு ஜெ.யின் நம்பர் கேட்டார்.

கொடுக்கவில்லை. அவளுக்குத்தான் போன் எடுத்து, கதிர் பேச விரும்புவதைச் சொன்னேன். மருந்துக்கடைச் சத்தத்துக்குள் விட்டு விட்டுப் பேசினாள்.

"போன் வேண்டாம் அக்கா. எழுதித் தரச் சொல்லுங்கோ. வாசிக்கிறதோ இல்லையோ, அதை நான் பாக்கிறன்."