கார் மிதித்த உளுந்து

4 ஏப்ரல், வெள்ளி (பங்குனி 21)
வெயில் கடுமை. காற்று இல்லை. காலையில் கார் கழுவியாயிற்று, மெழுகும் பூசியாயிற்று.

பாகூரிலிருந்து மைத்துனன் தனசேகர் தொலைபேசியில். அவன் அக்கா சுசீலாவுக்கு அப்பா விட்டுச்சென்ற அரைக் காணியில் உளுந்து பிடுங்கிக் காய்ந்து கிடக்கிறது. அடிக்கும் மெஷின் அடுத்த வாரம்தான். நாளை மழை என்கிறார்கள். நனைந்தால் முளைவிட்டு எல்லாம் மாட்டுக்கு. ஆகையால் ரோட்டில் பரப்பிவிடுவானாம். போகிற வண்டிகள் ஏறி நெற்று உடையுமாம். பொதுச் சாலை களம் அன்று, இருசக்கர வண்டிகள் வழுக்கும் என்று விரிவாக எடுத்துரைத்தேன். "சரிங்க மாமா."

கடை உளுந்தில் அரைத்த இட்லியைச் சுசீலா தொடமாட்டாள். இரவுச் சட்னியில் காரம் அதிகம்.

5 ஏப்ரல், சனி (பங்குனி 22)
தெற்கே மேகம். போய்ப் பார்த்து வருவோம் என்று நானே சொன்னேன்.

தனசேகர் என் பேச்சைத் தேவைக்கு அதிகமாகவே மதித்திருக்கிறான். ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு. வீடு ஒன்றுகூட எழவில்லை, தார்ச்சாலை மட்டும் புதிது. அதில் உளுந்துச் செடி கனமாகப் பரப்பியிருக்கிறது. காலையிலிருந்து அதன்மேல் போனவை: சைக்கிள் ஒன்று, சில ஆடுகள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் மாமா, வண்டியே வராத ரோடா பாத்துப் போட்டேன்."

சுசீலா வானத்தைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

முதல் கியர். முன்னே, பின்னே. நெற்று படபடவென்று உடைந்தது. அவள் கழியால் புரட்டிக்கொடுத்தாள். "இன்னாங்க, ஓரத்த வுட்டுட்டீங்க. திரும்பி வாங்க." ஆடு மேய்ப்பவள், "பெரியவரு நல்லாதான் கடா வுடறாரு" என்று சொல்லி நின்று வேடிக்கை பார்த்தாள். (கதிர்மேல் மாடுகளை ஓட்டிப் போரடிப்பது: கடாவிடுதல். வீடு திரும்பியதும் அகராதியில் சரிபார்த்தேன், உண்டு. கார் பற்றிக் குறிப்பு இல்லை.)

மழைக்கு முந்திய காற்றிலேயே அக்காவும் தம்பியும் தூற்றினார்கள். கடைசி மூட்டை டிக்கியில் ஏறியபின் முதல் தூறல்.

6 ஏப்ரல், ஞாயிறு (பங்குனி 23)
விடியலிலிருந்து மழை. காரின் மெழுகு போயிற்று. அடிப்பாகம் முழுதும் செத்தை. வாங்க: மெழுகு, பழைய துணி.

சுசீலாவை வீட்டுக்குள் காணோம். தெருவில், காரின் அருகே குந்தி, டயர் வரிகளில் சிக்கிய உளுந்தைக் கொண்டை ஊசியால் தோண்டி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்றேன்.

"இதுவும் நம்ம உளுந்துதான?"

குடை பிடித்தேன். நிமிராமலே, "வண்டிய ஒரு அடி முன்ன எடுங்க. அடிப்பக்கம் மாட்னது வரல" என்றாள்.

எடுத்தேன்.