வெள்ளை வந்தால் பாதி

12-8-1968
காலை ஷிப்ட். மெட்ராஸ் லைன் கிடைக்கவே பத்து மணி ஆகிவிட்டது. டிரங்க் கால் கேட்டிருந்த ஓர் ஆச்சி, மகன் அந்தப் பக்கம் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருக்க, "நீ எந்த ஊரு தாயி, தொண்டை மணியா இருக்கே" என்று என்னை விசாரித்துக்கொண்டிருந்தாள். காரைக்குடியில் என் முகம் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். போன் வைத்திருக்கும் வீட்டில் என் குரல் தெரியாதவர்கள் இல்லை. கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை முடிந்து பேசும் கருவியின் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றும்போது பக்கத்து சீட் அருளம்மாள் பார்த்துவிட்டாள். "உமையா, கழுத்துல என்னடி, புளியங்கொட்டை கணக்கா?" தொட்டால் வலியில்லை. எச்சில் விழுங்கினால் மேலே போய் இறங்குகிறது.

13-8-1968
வீட்டில் சொல்லவில்லை.

20-8-1968
சொல்லாமலே தெரிந்துவிட்டது. கருப்பி என் மடியில் படுத்து, "அம்மா, இங்கன ஒரு உருண்டை ஓடுது" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள். ஏழு வயதுக்கு என்ன கண்! அவர் தொட்டுப் பார்த்தார். சாப்பிட்ட கையைக் கழுவ மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். வயலும் மாடும் தவிர உலகத்தில் எதற்கும் அவசரப்படாத முத்துக்கருப்பன், நாளைக்கே மதுரை என்கிறார்.

3-9-1968
மதுரையில் எத்தனையோ பரிசோதனை முடிந்து இன்று டாக்டர் மெய்யநாதன் உட்கார வைத்துப் பேசினார். தைராய்டில் கட்டி. நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிட வேண்டும். கட்டி இருக்கும் பாதியை மட்டும் எடுக்கலாம். முழுசாகவும் எடுக்கலாம்.

"முழுசா எடுத்தா திரும்பி வர்ற பயம் குறைவும்மா. ஆனா ஆயுசுக்கும் மாத்திரை. குரல் நரம்பு ரெண்டு பக்கமும் ஓடுது. ரெண்டு பக்கமும் கை வச்சா ஆபத்தும் ரெண்டு மடங்கு."

"நீங்க எது செய்வீக டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"என் சம்சாரமா இருந்தா முழுசா எடுத்துடுவேன். ஆனா என் சம்சாரம் டெலிபோன் ஆபரேட்டர் இல்லையே. யோசிச்சு ரெண்டு வாரத்துல வாங்க."



8-9-1968
பாதி போதும் என்கிறேன். குரல் போனால் நான் யார்? சோறு பொங்கிப் போட ஒருத்தி, அவ்வளவுதானே. உயிர் போனால் அதுவும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் மனம் பாதியிலேயே நிற்கிறது.

அவர், "எனக்கு நீ வேணும் உமையா. வேற என்ன சொல்றது?" என்கிறார். கடைசியில், குன்றக்குடியில் பூப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றார். பெண் எடுத்ததும் கிணறு வெட்டியதும் இவர்கள் வீட்டில் பூக் கேட்டுத்தான். கார்த்திகைக்குக் கார்த்திகை மலையேறுகிற மனுஷன். முருகன் சொல்லட்டும், நமக்கெதுக்குப் பாரம் என்கிறார்.

வெள்ளை வந்தால் பாதி. சிவப்பு வந்தால் முழுசு.

13-9-1968, வெள்ளி
இதை எங்கேயாவது எழுதியாக வேண்டும்.

விடியும் முன்பே அவர் கடைத்தெருவுக்குப் போய் முல்லைச் சரமும் ஒரு சிவப்பு ரோஜாவும் வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்ட வேண்டும், ஒன்றில் முல்லை, ஒன்றில் ரோஜா. முதல் பொட்டலம் கட்டினேன். இரண்டாவதிலும் முல்லையை வைத்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ரோஜாவை என்ன செய்வது? சாமிக்கு வாங்கிய பூவைத் தூர எறிய மனம் வரவில்லை. மிச்சச் சரத்தைத் தலையில் வைத்து அதற்குள் சொருகிக்கொண்டேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

படியில் நான் முன்னால், கருப்பியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசிவந்தவர் மலையேறும்போது பேச்சையே நிறுத்திவிட்டார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

சன்னதியில் கருப்பி ஒன்றை எடுத்தாள். குருக்கள் பிரித்தார். முல்லை.

"பாதி போதும்னுட்டான்" என்று இவர் மெல்லச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். என்னைப் போல ஒரு கள்ளி உண்டா?

2-10-1968
ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். பேசலாம் என்றார்கள். "நம்பர் ப்ளீஸ்" என்றேன். வந்துவிட்டது, என் குரல்! அவர் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

16-10-1968
ரிசல்ட். எடுத்த கட்டியில் கெட்டது இருந்ததாம். மற்றப் பாதியையும் எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். "சாமி சொல்லிருச்சுல்ல" என்றேன் நான். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்! இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள்.

20-4-1969
காட்டினோம். ஒன்றுமில்லை.

11-10-1970
போன தடவை அறுவடை, போகவில்லை. இந்தத் தடவை கருப்பிக்கு அம்மை. அடுத்த மாதம் போகலாம்.

2-11-1971
மறுபக்கமும் கட்டி. கழுத்தோரம் இன்னும் இரண்டு நெறிக்கட்டி. நானே தடவிக் கண்டுபிடித்தேன்.

19-12-1971
எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததாம், நரம்பைத் தனியே விட முடியவில்லையாம். பேச வாயெடுத்தால் காற்றுத்தான் வருகிறது. மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்திருந்தால்? சிலேட்டில் எழுதி டாக்டரிடம் கேட்டேன். "அப்பவும் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். யாரால சொல்ல முடியும்?" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியவில்லை.

6-3-1972
வேலைக்குப் போனேன். போர்டில் என் நாற்காலியில் புதுப்பெண். என்னைப் பின்னறையில் கடிதம் அடுக்கப் போட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

14-4-1972
வருஷப் பிறப்பு. அவர் மலைக்குப் போகவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கார்த்திகைக்கும் போகவில்லை. முருகன் படத்துக்குப் பூ வைப்பதும் நின்றுவிட்டது. நம்பினேன், ஏமாற்றிவிட்டான் என்று நினைக்கிறார். பழியை அவன் சுமக்கிறான். செய்தவள் நான் இங்கே புட்டு அவித்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல வேண்டும். சொன்னால் என் முகத்தில் விழிப்பாரா?

18-6-1972
சொல்லிவிட்டேன்.

கருப்பி பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். காதை என் வாயருகே கொண்டுவந்தார். மூன்றாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டு பொட்டலத்துலயும் முல்லைதான் வச்சேன். முருகன் மேல கோவப்படாதீக."

கயிற்றைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"படியில ஒம் பின்னாலதான வந்தேன். சரத்துக்குள்ள ரோசா தெரிஞ்சிச்சு. நான் வாங்கியாந்தது ஒரே ஒரு ரோசா."

"அப்பவே ஏன் கேக்கல?"

திரித்த கயிற்றைப் பிரி பிரியாக அவிழ்த்தார். பிறகு, "எனக்கும் அந்தக் கொரல விட மனசில்ல" என்றார். "நானா வாயத் தொறந்து பாதின்னு சொல்லப் பயந்தேன். நீ செஞ்சிட்ட. தெரியாத மாதிரி பின்னாலயே வந்துட்டேன். அவன் மேல எனக்கென்ன கோவம்? அவன் முன்னால போயி நிக்க மூஞ்சி இல்ல, உமையா."

கிட்டத்தட்ட நாலு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பாவத்தை ஆளுக்கொரு பக்கம் மூடிவைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவருக்குத்தான் சத்தம் வந்தது.

30-7-1972
மூன்று பேரும் குன்றக்குடி. அவரை முன்னால் போகச் சொன்னேன். கேட்கவில்லை, என்னோடு சேர்ந்தே ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது. படிக்குப் படி நின்றார்.

பூவெல்லாம் போட்டுப் பார்க்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் குருக்கள். சொன்னேன். "யாரு?" என்றார். மறுபடி சொன்னேன். கூட்டத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"உமையாள்" என்று இவர் சன்னதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.