காலை ஊன்ற முடியாத சைக்கிள்

ஆவடி முகாம்
9-8-1943

அன்புள்ள ஞானகுமாரிக்கு,

நான் இங்கே நல்ல சுகம். உன் சுகத்தை உன் எழுத்தில் பார்த்துப் பதினெட்டு நாளாகிறது. நிறைமாதத்தில் அத்தை உன்னைக் குடம் தூக்க விடுவதில்லை அல்லவா?

இங்கே ஒரு வேடிக்கை. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பிரகாசமும் நானும் இரண்டு பழைய சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு சைக்கிள் செய்தோம். சுவரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். யுத்த காலமாயிற்றே, முகாம் விளக்குகளுக்கு மறைப்புக் கட்டத்தான் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். உன்னிடம் மறைப்பானேன்? மேலே உட்கார்ந்தால் மதிலுக்கு அப்பால் தபால்காரர் வருவது தெரியும்.

நேற்று மதியம் தெரிந்தது தபால்காரர் அல்ல, தந்திச் சேவகன். எனக்கு உயரமே மறந்துபோயிற்று. சாதாரண சைக்கிளை நிறுத்துவதுபோல் காலை ஊன்றினேன். தரை எங்கே இருந்தது!

"இன்னா அண்ணாத்தே, மேல குந்திகினு கீறத மறந்துட்டியா?" என்று பிரகாசம் ஓடிவந்து தூக்கினான். தந்தி எனக்கல்ல, முகாம் ஆபீசுக்காம். கால் சற்று வீங்கியிருக்கிறது, அவ்வளவே. ஊரிலிருந்து யாராவது வந்தால் அத்தை காய்ச்சும் தைலம் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் உன் தம்பி தந்தி அடித்துவிடப் போகிறான். வேண்டாம் என்று சொல். நல்ல சேதியே ஆனாலும், அதைப் பிரிக்கும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது. கார்டு போதும்.

தபால் பை கட்டுகிறார்கள். நாளைக்கே மறுபடி ஏறிவிடுவேன்.

உன்,
மாசிலாமணி