ஊர் மாறி இறங்கிய துரை

நவ. 7, வெள்ளி. காலையிலிருந்து தூறல்.

சாக்கு எதுவும் காயவில்லை. நாய்க் கூண்டெல்லாம் ஈர நாற்றம். கோழிக்கடைக்காரர் போனை எடுக்கவில்லை, அதனால் சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிப் போட்டேன். மூன்று கால் நாய் மணி மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய வீட்டு மாப்பிள்ளை.

கருத்தடை முடிந்த இரண்டு செவலை நாய்களுக்கும் இன்று வீடு திரும்பும் நாள். தையலைப் பார்த்த டாக்டர், "கெளப்புங்க" என்றார். சிதம்பரம் மேல வீதிச் செவலையை நாசர் ஏற்றிக்கொண்டு போனான். துபாய் வேலையை விட்டுப் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பியதிலிருந்து அவன் ஆம்னிதான் எங்கள் ஆம்புலன்ஸ். கடலூர் முதுநகர்ச் செவலையை, அதாவது ஸ்டெல்லா அக்காவின் துரையை, நான் ஆட்டோவில் கொண்டுபோனேன். மே.பட்டாம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் காப்பகத்திலிருந்து போகும் வழியெல்லாம் மடியில் தலை வைத்தே வந்தது. துரைக்கு இவ்வளவு பாசம் எப்போது வந்தது என்று அப்போதே யோசித்திருக்கலாம்.

அக்கா மீன் விற்பவர். மகன் மஸ்கட்டில். விடிவதற்கு முன் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகையில் துரைதான் துணை. "புடிச்சிட்டுப் போனா திரும்பி வராதுன்னு சொல்றாங்களே" என்று நாயைத் தர மறுத்தவர். அவர் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் நின்று, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் தந்தார்.

இறக்கினேன். அக்கா ஒரு மத்தி மீனை நீட்டினார், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இது தொர இல்ல."

"துரைதாங்க்கா. ஊசி போட்டதுல கொஞ்சம் சோந்திருக்கு."

"சோந்தா மத்தி மீன வேணான்னுமா? என்னாத்த கொண்டாந்த நீ?"

அப்போதும் விட்டேனா. காதைக் காட்டினேன். கருத்தடை செய்த நாய் என்று தெரிய நுனியில் கொஞ்சம் வெட்டுவோமே, அதை. அக்காவுக்கே அவர் நாயை அறிமுகம் செய்து வைக்கிறேன். என்ன அறிவு.

"காது நீங்க வெட்டுனது. மூஞ்சி நான் தெனம் பாத்தது" என்றார்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. போன ஞாயிறு, உதவிக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் கூண்டு கழுவினார்கள். நாய்களை வெளியே கட்டினார்கள், திரும்ப உள்ளே விட்டார்கள். பெயர்ச் சீட்டு கூண்டுக் கதவில்தான் தொங்கும். கழுத்தில் கட்டினால் கடித்துத் துப்புகின்றன என்று கதவுக்கு மாற்றியது நான். இரண்டும் செவலை, இரண்டும் ஆண், ஒரே உயரம். கூண்டு மாறியிருக்கிறது.

நாசருக்கு போன். "எறக்கிட்டேன்க்கா. எறக்குன ஒடனே தெரு நாயிங்க தொரத்த ஆரம்பிச்சிடுச்சி. அதோட தெருவாச்சே, ஏன் தொரத்துதுங்கன்னு நானே யோசிச்சேன்."

அக்கா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நவ. 8, சனி. மழை இல்லை. புழுக்கம்.

மேல வீதிச் செவலையை அதன் இடத்தில் இறக்கினோம். நேராகப் பூக்கடைக்குக் கீழே போய், நேற்று எழுந்துபோன மாதிரி சுருண்டு படுத்தது. பூக்காரம்மா, "எங்கடா போன நாயே" என்று கேட்டுவிட்டுத் தொடுப்பதைத் தொடர்ந்தார். ஒரு பக்கத்து நிம்மதி.

துரை இல்லை. பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, மீன் மார்க்கெட். நாசர், "மீன் வாசன இருக்கற எடத்துக்குத்தான்க்கா போவும்" என்றான். மார்க்கெட்டில் நிறைய நாய்கள் இருந்தன. எங்கள் நாய் இல்லை.

வாட்ஸப் குரூப்பில் போட்டோ போட்டதும் ஊரில் உள்ள செவலையெல்லாம் வந்து குவிந்தது. ஒருவர் கன்றுக்குட்டி படம் அனுப்பியிருக்கிறார். சிரிக்கவும் முடியவில்லை.

தெரியாத ஊரில் விரட்டு வாங்கிய நாய் எங்கே ஓடும்? பைபாஸ் பக்கம் போயிருந்தால்? தையல் வேறு புதுசு. அக்கா இன்று துறைமுகத்துக்கு வெளிச்சம் வந்த பிறகுதான் போனாராம், நல்ல மீன் எல்லாம் போய்விட்டதாம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். இதோடு அந்தத் தெருவில் இனி எந்த நாயையும் தரமாட்டார்கள் என்றும் சொன்னாள். சரிதானே. நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பேசாமல் டியூஷன் எடுக்கலாம். பிள்ளைகளைத் தெரு மாற்றி இறக்க வேண்டியதில்லை.

நவ. 9, ஞாயிறு. வெயில்.

காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். கூண்டைத் தொடாதீர்கள் என்று கத்திவிட்டேன். பாவம், பிறகு டீ போட்டுக் கொடுத்தேன்.

வாசலில் ஸ்டெல்லா அக்கா. பஸ் பிடித்து வந்திருக்கிறார், இடுப்பில் காலி மீன் கூடை. "பூசைக்குக்கூட போவல. வண்டிய எடு."

நாசர் ஆம்னியைக் கொண்டுவந்தான். மேல வீதியில் இறங்கினார். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தார், அதன்மேல் கூடை. தினமும் முதுநகரில் கூவுகிற அதே குரலை எடுத்தார்.

"மத்தீ... காரப்பொடீ... மீனேய்..."

கோயிலைச் சுற்றிய வீதியில். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாசர் ஸ்டீரிங்கில் குனிந்துகொண்டான். மாடியில் ஒருத்தர் எட்டிப் பார்த்தார், ஒரு வீட்டுக் கதவு பாதி திறந்தது. விபூதி பூசிய பெரியவர் ஒருவர் வெளியே வந்து, மரியாதையாகத்தான், "இந்தப் பக்கம் மீன் யாரும் வாங்கமாட்டாங்கம்மா" என்றார்.

"விக்க வரல சாமி. கூப்புட வந்திருக்கேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ, வழி விட்டு நின்றார்.

வடக்கு வீதி முழுக்கக் கூவினார். நான் பின்னால் நடந்தேன், வெட்கம் எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை. கீழ வீதியில் திரும்பியதும் அக்காவின் குரல் கம்மிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டு இன்னொரு முறை எடுத்தார். தகரத்தால் மறைத்து நிறுத்தியிருந்த கோயில் தேரின் அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு நுனி வெட்டிய காது. பிறகு நொண்டிக்கொண்டு முழு நாயும்.

துரை ஓடி வரவில்லை. வயிறு தரையில் தேய, ஊர்ந்து வந்தது. அக்கா நடுத்தெருவில் உட்கார்ந்து அதன் முதுகில் ஒன்று வைத்தார். "எங்க போன? எங்க போன நீ?" அது முகம் முழுக்க நக்கியது. நான் தேரில் சாய்ந்துகொண்டு அழுதேன். கூச்சமில்லாமல், சத்தமாக.

காதோரம் கடிக்காயம், முன்காலில் சிராய்ப்பு. தையல் பிரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் பயமில்லை என்றார். முதுநகருக்கு வண்டியில் போகும்போது துரையின் தலை அக்கா மடியிலேயே இருந்தது. இறங்கும்போது அக்கா, "பேரச் சொல்லிக் கூப்புட்டுப் பாரு. திரும்புனாத்தான் எறக்கணும்" என்றார். இவ்வளவு நாள் யாருக்கும் இது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றேன்.

நவ. 10, திங்கள். மேகமூட்டம்.

நன்றாகத் தூங்கினேன். டியூஷன் யோசனை கைவிடப்பட்டது. வாங்க வேண்டியது: பினாயில், பஞ்சு, கடிக்க முடியாத கழுத்துப் பட்டை. கோழிக்கடைக்காரர் தானாக போன் செய்தார், கோழித்தலை இருக்கிறதாம்.

அடுத்த போன் ஸ்டெல்லா அக்கா. துரைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"அது நல்லாதான் இருக்கு. வெள்ளன எங்கூட துறமொகம் வந்துச்சி. எதுத்த வூட்டு வாசல்ல ஒரு பொட்ட நாய் இருக்கில்ல, அதுக்கும் பண்ணி வுட்டுடு."

"வர்றேன்க்கா. நாளைக்கு நாசர் வண்டி இருக்கும்."

"நாளைக்கா? அதப் புடிச்சி பாத்ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன். நான் இன்னும் குளிக்கல. சீக்கிரம் வா."