வரம்பைத் தொட்டுவிட்டேன், மச்சாள்

என் ஆசை மச்சாள் பாக்கியத்துக்கு,

கொக்கட்டிச்சோலைப் பக்கம் இந்த முறையும் வேளாண்மை நன்றாக விளைந்திருக்கிறது. வெட்டத்தான் ஆள் தேவையில்லை. காலையில் மெசின் இறங்கினால் மத்தியானத்துக்குள் வயல்வட்டை முழுதும் வெறுமையாகிவிடுகிறது. நம்மோடு வெட்டியவர்களில் ஒருத்தி கட்டாரில் வீட்டு வேலை செய்கிறாள், இன்னொருத்தி ஓட்டமாவடியில் புடவைக்கடையில் நிற்கிறாள். என் மகன் ஆட்டோ ஓடுகிறான். கதிர் வெட்டிய என் தாக்கத்தி கூரையில் செருகிய இடத்திலேயே கிடக்கிறது.

நான் இன்னும் கார்மென்ட்ஸில்தான். தைத்த சட்டைகளில் நூல் வெட்டுகிறேன். "குந்திக்கொண்டு செய்யிறதெல்லாம் ஒரு வேலையா கா?" என்று சிரித்தாயே, வந்து என் முதுகைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாயா?

முதல் நாளே ஏச்சு வாங்கியதை உனக்குச் சொல்லவில்லை. என் குவியல் முடிந்ததும் பக்கத்துப் பெண்ணின் குவியலில் கை வைத்துவிட்டேன். அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும் என்றார் சுப்பவைசர். எனக்கு அது தெரியாதே மச்சாள். வயலில் ஆளுக்கொரு பங்கு வெட்டிக்கொண்டு போவோம். முதலில் வரம்பைத் தொட்டவள் திரும்பி, பிந்தியவளின் பங்கை எதிர்ப்பக்கமிருந்து வெட்டி வருவாள். எப்போதும் தொட்டவள் நீ, பிந்தியவள் நான். ஆமை என்று பழித்துக்கொண்டே எனக்கு எதிரே வருவாய். கதிர்களுக்கு நடுவே உன் முகம் தெரிந்ததும் எனக்குப் பாதிக் களைப்புப் போய்விடும்.

சீனி வருத்தம் முற்றி நீ படுக்கையில் விழுந்தபோதும் நான் வேலை, பஸ், லீவு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் மகள் மலரிடம் சொல்லியனுப்பினாய்: "வரம்பத் தொட்டாத் திரும்பி வரச் சொல்லு." வேடிக்கை என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். நீ சனிக்கிழமையே போய்விட்டாய். வாழ்நாளில் நீ பிந்தியவளாகக் கிடந்தது அந்த ஒரு முறைதான். அப்போதும் நான் எதிரே வரவில்லை.

இப்போது மலர் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறாள். உன் வேகம் அவளுக்கு வரவில்லை, என்னைப் போலத்தான். மாத முடிவுக்குள் கை ஓடாவிட்டால் நிறுத்திவிடுவார்களாம். நேற்று அவள் கண் கலங்குவதைப் பார்த்தேன். என் குவியலை முடித்துவிட்டு, அவளுடையதில் பாதியை என் மடிக்கு இழுத்தேன். சுப்பவைசர் பார்த்தார். நான் நிமிரவில்லை.

அவள் கை பழகும்வரை தினமும் திரும்புவேன். ஏச்சு வாங்கினாலும் எதிரே போவேன்.

பிந்தி வருகிற உன் மச்சாள்,
தங்கமணி