பசை பிடிக்காத தலையணை உறை

இன்று மத்தியானம் கோதுமை மாப் பசையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அடிப்பிடித்த மணம் பட்டறை முழுவதும் பரவி, வியா மக்வேதா தெருவைப் பார்த்த ஜன்னலைத் திறந்த பிறகும் போகவில்லை. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருப்பாய். "எடி, சோத்தைத்தான் அடிப்பிடிக்க விடுவாய் எண்டு பாத்தன். பசையையுமோ?" என்று கேட்டிருப்பாய். சட்டியைச் சுரண்டிக் கழுவினேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ லிபெர்த்தாப் பக்கத்து வீடுகளில் வயதான சிஞ்ஞோராக்களை, இந்த ஊர்ப் பணக்காரக் கிழவிகளை, பராமரித்தாய். நான் காலையில் பொலிதேயாமாச் சதுக்கத்தில் கடைகளைத் துடைத்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு படம் செய்பவள். வரைபவள் என்று யாராவது சொன்னால் நீ சிரிப்பாய், நான் தூரிகையைத் தொட்டு எவ்வளவோ காலம். தெருவோரம் எறிந்த அலுமாரிக் கதவு, சுண்ணாம்புச் சாந்து, சாம்பல், குடித்து முடிந்த காப்பித் தூள், பழைய துணி, இவைதான் என் சாமான்கள். துணியைக் கொண்டுவந்து தருபவள் நீ. ஒரு கிழவி செத்துப்போனால் பிள்ளைகள் அவளுடைய உடுப்பையெல்லாம் பையில் திணித்து, எறியச் சொல்லி உன்னிடம் கொடுப்பார்கள். நீ அதை எறியாமல் என்னிடம் கொண்டுவருவாய்.

செத்தவரின் உடுப்பை வீட்டுக்குள் வைக்காத சனம் நாங்கள். "துடக்குச் சீலையை வைச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறாளாம்" என்று கோயிலில் பெண்கள் என்னைப்பற்றிக் கதைத்தது உனக்கும் தெரியும். நீயும் பயந்தவள்தான். அதனால் ஒவ்வொன்றையும் சோடாப் போட்டு அவித்து, வெயிலில் காயவைத்து, மடித்துத்தான் தருவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கறை வேண்டும், வேர்வை வேண்டும், அந்த மனுஷி இருந்த அடையாளம் வேண்டும் என்று உன்னோடு சண்டை பிடிப்பேன். "செத்த மனிசிக்கும் மானம் இருக்கு. அழுக்கோடை தரமாட்டன், போ" என்பாய். உன்னிடம் நான் வென்றதே இல்லை.

துணியைக் கத்தரிக்காமல் கையால் கிழித்துப் பசையில் ஊறப் போடுவேன். அது ஊறும் நேரம் முழுக்க நீ கதைப்பாய். "இவ இடப்பக்கம் சரிஞ்சுதான் படுப்பா. ஒரு காலை எப்பவும் கட்டிலுக்கு வெளியிலை விட்டிடுவா." "இந்த மனிசி மகன் வாற நாளிலை மட்டும் இந்தச் சட்டையைக் கேக்கும். அவன் வரமாட்டான், மனிசி சட்டையோடையே நித்திரை கொண்டிடும்." நீ சொல்லச் சொல்ல என் கை பலகையில் மடிப்பை வைத்துக்கொண்டு போகும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். நான் தாண்டி வந்த கடலையும் ஊரில் நடந்த போரையும் சொல்வேன், அவர்கள் கேட்க விரும்புவது அதுதான். எல்லாம் உன் வாயிலிருந்து வந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

முதுகு நோகிறது என்றாய். கிழவிகளைத் தூக்கித் தூக்கி வந்த நோ என்று நீயும் நினைத்தாய், எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் அது வேறு நோய் என்று கண்டுபிடித்தபோது நீ நடக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டாய். உன் சாம்பல் ஊருக்குப் போய்விட்டது. இங்கே போய் நிற்பதற்கு உனக்கு ஒரு கல்லறைகூட இல்லை.

உன் கணவர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். மடிக்காமல் சுருட்டிய ஒரு தலையணை உறையை மேசையில் வைத்தார்.

"அக்கா, மற்ற உடுப்பெல்லாத்தையும் எரிச்சாச்சு. இது பிள்ளையின்ரை கட்டிலிலை கிடந்தது. அவள் பள்ளிக்கூடத்தாலை வர முன்னம் எடுத்துக்கொண்டு வந்தனான். எல்லாக் கிழவியளையும் ஒட்டினியள். இவவையும் ஒட்டுங்கோ. பிள்ளைக்குப் போய்ப் பாக்க ஒரு இடம் வேணும்."

அதைக் கழுவ உன் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை போலும். நடுவில் உன் தலை கிடந்த இடத்தில், வெந்தயம் போட்டுக் காய்ச்சும் உன் எண்ணெய் மஞ்சளாக ஊறியிருந்தது. நான் கேட்டுக் கேட்டுச் சண்டை பிடித்த கறை அது. என்னால் கிழிக்க முடியவில்லை, முழுதாகவே ஒட்டினேன். எண்ணெய் இருந்த இடத்தில் பசை பிடிக்கவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் உறை பலகையை விட்டுக் கழன்று நிலத்தில் விழுந்தது. எண்ணெய் போக அவிக்காமல் ஆகாது என்று தெரிந்தது. தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.

அப்போது உன் மகள், கட்டிலில் உறையைக் காணாமல், புத்தகப் பையோடு ஓடி வந்தாள், பின்னால் தகப்பன். நிலத்தில் கிடந்ததை வாரி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நோ, அன்ரி! பஸ்தா, போதும்! கழுவாதேங்கோ. இதிலை மம்மா மணக்குது."

"அன்ரி அதிலை அம்மாவைச் செய்து தருவா, குஞ்சு" என்றார் அவர்.

"அது பலகை, பப்பா."

நான் அடுப்பை அணைத்துவிட்டு உறையை அவளிடமே விட்டேன். உன் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். வெறும் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் அவள் திரும்ப வந்தாள். தகப்பன் தெருவில் நின்றார். உறையை நீ மடிப்பதுபோல நான்காய் மடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இப்ப மணக்கேல்லை, அன்ரி. நான் ஒவ்வொரு நாளும் மோந்து மோந்து முடிச்சுப்போட்டன். நீங்கள் ஒட்டுங்கோ."

அழவில்லை. இரவல் வாங்கியதைத் திருப்பித் தருவதுபோலத் தந்துவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் நான் உறையை முகத்தில் வைத்தேன். வெந்தயம், எண்ணெய், உன் தலை, எல்லாம் அப்படியே இருந்தது. அதோடு கிடந்து கிடந்து பிள்ளையின் மூக்குக்குத்தான் பழகிவிட்டது.

ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று கதவுவரை போனேன். சொன்னால் அவள் மறுபடியும் தேடுவாள், மறுபடியும் அவளுக்கு மணக்காது. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தெரு முனையில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனதற்காக இன்று அதை அவிக்கத்தான் வேண்டும். அவித்தால் பலகையில் நீ நிற்பாய், அவள் வந்து பார்ப்பாள். உன் மணம் எப்படி இருந்தது என்பது அதற்குப் பிறகு எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எந்தப் பலகையிலும் என்னால் ஒட்ட முடியாது.