பாதித் துடுப்பு

மிளகு காயப்போட்டு இன்று நாலாவது நாள். காலையில் சாக்கு விரிப்பில் பரப்பி, நீ அறுத்துத் தந்த பாதித் துடுப்பால் கிளறினேன். வெயில் ஏற ஏற மணம் மூக்கைத் துளைத்தது. தும்மல் வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். கண் கலங்கியதற்கு மிளகைச் சாட்டியிருப்பேன், கேட்கத்தான் யாருமில்லை.

நீ எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின் பார்ப்பவன். நான் மாத்தளை மிளகுக் கடைக்காரன். என் லொறியைப் பழுதுபார்க்க வந்து சிநேகிதன் ஆனாய்; எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல என்னை 'நானா' என்றாய். ஒருமுறை சரக்கோடு திருகோணமலைக்கு வந்து, கடலைக் கரையில் நின்று பார்த்தாய். திரும்பும் வழியெல்லாம், "ஒரு நாளைக்கு உள்ள போயி பாக்கணும் நானா" என்று இதே பேச்சுத்தான். மலையில் பிறந்தவனுக்குப் பிடித்த பைத்தியத்தைப் பார் என்று சிரித்தேன். பிறகு எனக்கும் பிடித்துவிட்டது.

தோட்டத்துத் துரை சீமைக்குப் போகிறார், பங்களாச் சாமான்களை விற்கிறார் என்று நீதான் ஓடி வந்து சொன்னாய். கொட்டகையில் கித்தான் போர்த்திய இரண்டு தோணிகள் கிடந்தன. கயாக் என்று பெயர் சொன்னார் பங்களாச் சமையல்காரர். ஒன்று ஒடுக்கம், ஒருவர் மட்டும் உட்காரலாம். மற்றது அகலம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை.

"கடலுக்கு தொர இந்த சின்னதத்தாங்க கொண்டுபோவாரு. பெருசு கொளத்துல சும்மா சுத்துறதுக்கு" என்றார் அவர்.

நான் சின்னதைத் தட்டிப் பார்த்தேன். மாறி மாறிப் போகலாமே என்று கணக்குப் போட்டேன். நீ ஒன்றுதான் கேட்டாய்: "ஒத்த ஆளா போறதுக்குக் கடல் எதுக்கு நானா?"

பெரியதை லொறியில் ஏற்றினோம்.

துடுப்பு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஆளைவிட உயரம், இரண்டு முனையிலும் பலகை. "கொண்டுபோற வசதிக்கு ரெண்டையும் ஒண்ணா ஒட்டி வச்சிருக்காரு" என்றாய். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மண்வெட்டிப் பிடிக்கு அளவு பார்ப்பதுபோல நெஞ்சோடு நிறுத்திப் பார்த்து, நடுவில் கோடு கிழித்து அறுத்தாய். வலப்பக்கம் உனக்கு, இடப்பக்கம் எனக்கு. பல்லேபொலக் குளத்தில் குளித்தவர்களெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பழகி, மூன்றாவது ஞாயிறு கோணாமல் அக்கரை சேர்ந்தோம். அது ஒரே ஆள் இரண்டு பக்கமும் போடும் துடுப்பு என்று சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது அதற்குப் பிறகுதான். நீ அசரவில்லை. "இனி ரெண்டு பேரும் இல்லாம இது நேரா போகாது. நல்லதுதானே?"

ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாலை கடை வாசலில் வந்து நின்றாய். "இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சி நானா. இந்தக் கிழமையே திருகோணமலைக்குப் போயிருவோம்."

அறுவடைக் காலம். ஈர மிளகு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுடா, இந்த மொளகு காயட்டும்" என்றேன். நீ தலையாட்டினாய். மிளகு காய்வதற்குள் உனக்குப் பயணத் தேதி வந்துவிட்டது. பாவி நான், ஒரு நாள் கடையை மூடியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

மாத்தளை ஸ்டேஷனில் தகரப் பெட்டிகளுக்கு நடுவே உன் பாதித் துடுப்போடு நின்றாய். "இத ஏன்டா சொமக்கிற?" என்றேன். "ஒங்க பாதிய நீங்க பத்தரமா வச்சிக்கங்க" என்றாய். கடலுக்குள் நீ போய்த்தான் பார்த்தாய், தலைமன்னார்க் கப்பலில், நான் இல்லாமல். இந்தியாவில் உங்களை இறக்கிவிட்ட இடமும் மலைதான், தேயிலைதான் என்று எழுதியிருந்தாய்.

போன மாதம் உன் மனைவியின் கடிதம் வந்தது. உனக்கு நெஞ்சு வலியாம். மூன்று நாளில் முடிந்துவிட்டதாம்.

அந்தக் கிழமையே தோணியை லொறியில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். பின்னால் என் இடத்தில் உட்கார்ந்து, என் பக்கத்தில் துடுப்புப் போட்டேன். தோணி உன் பக்கமே திரும்பித் திரும்பி வட்டமடித்தது. கரையில் வலை உலர்த்தியவர், "ஐயா, பக்கத்த மாத்திப் போடுங்கோ!" என்று கத்தினார். எனக்குத் தெரியாமலில்லை. உன் பக்கத்தில் துடுப்பை வைக்கக் கை வரவில்லை. நனைந்து, கரைக்குத் திரும்பினேன்.

இப்போது ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடைந்தது.

மிளகு காய்ந்துவிட்டதடா. வா, போவோம்.